"அந்த ஏரியா எப்படி?": குடிபோகும் முன் ஒரு பகுதியின் பாதுகாப்பை எடைபோடுவது எப்படி

"பெரம்பூர்ப் பக்கம் வீடு பார்த்திருக்கிறோம். வாடகையும் கட்டுப்படியாகிறது. ஆனால் அது ரவுடி ஏரியா என்கிறார்களே, வயசுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கே இருக்க முடியுமா?"

பிள்ளைகளின் படிப்புக்காகவோ பிழைப்புக்காகவோ ஊரை விட்டுச் சென்னைக்கு வரும் நம் குடும்பங்களில் இந்தக் கேள்வி எழாத வீடு இல்லை. முன்பெல்லாம் திருவல்லிக்கேணி, மண்ணடி, இராயப்பேட்டை, பெரியமேடு என்று நமக்குப் பழகிய நாலைந்து இடங்களுக்குள் தேடல் முடிந்துவிடும். இன்று அங்கெல்லாம் இரண்டு அறை வீட்டுக்குக் கேட்கும் வாடகையில் பாதிச் சம்பளம் போய்விடுகிறது. வேறு பகுதிகளில் தேடினால், தொலைபேசியில் பேரைச் சொன்னதுமே "வீடு முடிஞ்சிடுச்சு" என்று வைத்துவிடுகிறார்கள். ஆகவே பலருடைய கண்ணும் இப்போது வடசென்னையின் உட்பகுதிகளான பெரம்பூர், ஓட்டேரி, புளியந்தோப்பு, வியாசர்பாடி பக்கம் திரும்பியிருக்கிறது. இவை வேகமாக மாறிக்கொண்டிருக்கும் பகுதிகள். மாறும் பகுதியை எடைபோடுவதுதான் கடினம். பத்து வருடத்துக்கு முன்பு அங்கே இருந்தவர் சொல்வதும், இப்போது அங்கே வீடு விற்பவர் சொல்வதும் இரண்டு வேறு ஊர்களைப் பற்றிய பேச்சு போல இருக்கும்.

கெட்ட பெயர் எங்கிருந்து வருகிறது?

பெரம்பூர் பேரக்ஸ் சாலையில் இன்று வானளாவ நிற்கும் அடுக்குமாடிகளின் நிலம் ஒரு காலத்தில் பின்னி ஆலைக்குச் சொந்தமானது. பக்கிங்ஹாம், கர்நாடிக் என்ற இரண்டு பஞ்சாலைகள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி நூறாண்டுக்கு மேல் அங்கே ஓடின. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகச் சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் அந்த ஆலைத் தொழிலாளர்களிடையேதான் பிறந்தது. 1921-இல் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்களுக்குள்ளேயே பிளவு ஏற்பட்டு, புளியந்தோப்பில் கலவரம் மூண்டு, துப்பாக்கிச் சூடு வரை போனது. ஆலை 1996-இல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒரே நேரத்தில் நிலையான சம்பளம் நின்றுபோனால் ஒரு வட்டாரத்துக்கு என்ன ஆகுமோ அதுதான் இங்கும் ஆனது.

சினிமா வேறு தன் பங்குக்குச் சேர்த்தது. வடசென்னை என்றாலே அரிவாளும் கத்தியும் என்று பழகிவிட்டோம். அதே வியாசர்பாடி, தெருத்தெருவாகக் கால்பந்து ஆடும் பிள்ளைகளுக்காகவும் பேர் பெற்றது. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வடசென்னையின் ஓர் ஆட்டோ ஓட்டுநர் வீட்டுப் பெண். இதைச் சொன்னால், "அது ஒன்றிரண்டு பேர்" என்பார்கள். ரவுடிகளும் அங்கே வாழும் இலட்சக்கணக்கானவர்களில் ஒன்றிரண்டு பேர்தானே என்று யாரும் யோசிப்பதில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். "அது பாய்ங்க ஏரியா, பார்த்துக்கோங்க" என்று ஒரு புரோக்கர் மற்றவர்களிடம் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? அதே நாவால் நாம் தலித் மக்கள் அதிகம் வாழும் தெருக்களைப் பற்றி, "அந்த ஜனங்க சரியில்ல" என்று சர்வ சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு பகுதி 'மோசம்' என்று யாராவது சொன்னால், "மோசம் என்றால் என்ன? அங்கே உங்களுக்கு அல்லது உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு என்ன நடந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்குச் சொல்ல எதுவும் இருக்காது. சொல்ல இருப்பவர்களின் பேச்சைத்தான் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

செய்தியும் புள்ளிவிவரமும்

2024 ஜூலை 5 அன்று பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் பெரம்பூரில் வெட்டிக் கொல்லப்பட்டார். நாடே பேசிய படுகொலை அது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பார்த்து வைத்த வீட்டை வேண்டாம் என்று விட்டவர்கள் உண்டு. அந்த அச்சத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் குறிவைத்துத் திட்டமிட்டு நடக்கும் கொலையும், காலையில் பள்ளிக்கும் மாலையில் கடைக்கும் போய்வரும் ஒரு குடும்பத்துக்கு இருக்கும் ஆபத்தும் ஒன்றல்ல. செய்தியில் பெரிதாக வருவது எதுவோ அதுவே நம் தெருவில் அடிக்கடி நடப்பது என்று மனம் எடுத்துக்கொள்கிறது.

சரி, காவல்துறைப் புள்ளிவிவரத்தைப் பார்த்து முடிவு செய்யலாமா? அதிலும் கவனம் வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் சென்னை மாநகரக் காவல் மூன்றாகப் பிரிந்து, ஆவடிக்கும் தாம்பரத்துக்கும் தனி ஆணையரகங்கள் வந்துவிட்டன. அதற்கு முந்திய எண்ணிக்கையையும் பிந்திய எண்ணிக்கையையும் ஒப்பிட்டு "சென்னையில் குற்றம் குறைந்துவிட்டது" என்று சொன்னால் அர்த்தமில்லை. அது மட்டுமல்ல. செல்போனைப் பறிகொடுத்தவர் நிலையத்துக்குப் போனால் பல நேரம் கையில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது. முதல் தகவல் அறிக்கை பதிவானால்தான் அது குற்றக் கணக்கில் ஏறும். ஆகவே, புகாரை ஒழுங்காகப் பதிவு செய்யும் நிலையத்தின் எல்லையில் குற்றம் அதிகம் போலத் தெரியும். தட்டிக் கழிக்கும் நிலையத்தின் எல்லை அமைதிப் பூங்காவாகத் தெரியும். நாம் அக்கம்பக்கத்தாரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "இங்கே எத்தனை திருட்டு நடக்கிறது?" என்பதைவிட, "போனால் ஸ்டேஷனில் எழுதிக்கொள்கிறார்களா? கூப்பிட்டால் ரோந்து வண்டி எவ்வளவு நேரத்தில் வருகிறது?" என்பதாக இருக்கட்டும்.

யாரிடம் கேட்பது? புரோக்கரிடமும் வீட்டுக்காரரிடமும் கேட்டுப் பயனில்லை. நம்மில் பலர் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு ஜமாஅத் நிர்வாகியிடம் கேட்பார்கள். நல்ல வழிதான். ஆனால் எந்த நிர்வாகியும் தன் மஹல்லாவைக் குறைத்துச் சொல்ல மாட்டார். அவரைவிட மோதினாரிடம் பேசுவது பயன்தரும். ஊர் உறங்கும் நேரத்தில் தெருவில் நடப்பவர் அவர். மதரஸாவுக்குப் பெண் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்களிடம் வீட்டுப் பெண்களைப் பேசச் சொல்லுங்கள். "மஃரிபுக்குப் பிறகு தனியாக அனுப்புகிறீர்களா, கூடப் போகிறீர்களா? ரமலானில் தராவீஹ் முடிந்து பெண்கள் எப்படித் திரும்புகிறார்கள்?" இந்த இரண்டு கேள்விகளுக்கு வரும் பதிலில் இருக்கும் விவரம் எந்த அறிக்கையிலும் கிடைக்காது. துணி தேய்ப்பவர், தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர், இரவில் உணவு கொண்டுவரும் டெலிவரி இளைஞர்கள் எல்லாரும் தெருவை அறிந்தவர்கள். எந்தத் தெருவுக்குள் இரவு பத்து மணிக்கு மேல் வண்டியை விடத் தயங்குகிறார்கள் என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள்.

நாமே போய்ப் பார்ப்பது

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு வீடு பார்க்கப் போவதுதான் நம் வழக்கம். அந்த நேரத்தில் எந்தத் தெருவும் அழகாகத்தான் இருக்கும். குறைந்தது நான்கு வேறு நேரங்களில் போக வேண்டும். ஒரு நாள் சுபுஹுத் தொழுகைக்கு அங்குள்ள பள்ளிக்கு நடந்தே போய்ப் பாருங்கள். தெருவிளக்கு எத்தனை எரிகிறது, நாய்க்கூட்டம் எங்கே படுத்திருக்கிறது, அந்நேரத்தில் பால் வாங்கப் பெண்கள் வெளியே வருகிறார்களா என்பதெல்லாம் தெரிந்துவிடும். இன்னொரு நாள் பள்ளிக்கூடம் விடும் நேரம். பிறகு ஓர் இரவு பத்து மணி. டாஸ்மாக் கடை மூடும் நேரம் அது. பக்கத்தில் கடை இருந்தால் அங்கிருந்து கலையும் கூட்டம் எந்தத் தெரு வழியாகப் போகிறது என்பதை அப்போதுதான் பார்க்க முடியும். கடைக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தைவிட அந்த வழி முக்கியம்.

அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இல் நகரங்களைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலில், ஒரு தெருவைக் காப்பது அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள்தான் என்ற கருத்தை முன்வைத்தார். நம் ஊர்த் திண்ணைகள் செய்த வேலை அது. மாறும் பகுதிகளில் இந்தக் கண்கள்தான் முதலில் காணாமல் போகின்றன. சின்னச் சின்ன ஓட்டு வீடுகள் இருந்த இடத்தில் நீண்ட மதில் எழும்புகிறது. உள்ளே காவலாளியும் கேமராவும் உண்டு, ஆனால் மதிலுக்கு வெளியே அந்த நூறு மீட்டருக்கு ஒரு ஜன்னலும் இல்லை, ஒரு கடையும் இல்லை. பேருந்து நிறுத்தத்திலிருந்து நம் பிள்ளை அந்த மதிலோரமாகத்தான் நடந்து வர வேண்டும். நம் கணிப்பில், கேட்டுக்குள் இருக்கும் வீட்டைவிட, கீழே தையல் கடையும் எதிரே டீக்கடையும் உள்ள பழைய தெருவில் மாடி வீடு பல நேரங்களில் பத்திரமானது. கூச்சல் இருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வயது வந்த பையன்கள் இருக்கும் வீடுகளுக்கு இன்னொரு கவலை உண்டு. கஞ்சாவைவிட இப்போது பேசப்படுவது உடல்வலி மாத்திரைகளைப் போதைக்குப் பயன்படுத்தும் பழக்கம். இது வடசென்னைக்கு மட்டுமே உரியதல்ல, வசதியான பகுதிகளிலும் பிடிபடுகிறார்கள். ஆனாலும் தெருவில் காலி மனை, பூட்டிக் கிடக்கும் கட்டடம், ரயில் பாதையோரம் இருந்தால் மாலையில் அங்கே யார் உட்கார்கிறார்கள் என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். பையன்கள் போய் விளையாட மைதானமோ கேரம் கிளப்போ பக்கத்தில் இருந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரவுடியைவிடப் பெரிய ஆபத்துகள்

சென்னையில் ஓராண்டில் கொலையாகிறவர்களைவிடச் சாலை விபத்தில் இறப்பவர்கள் பல மடங்கு அதிகம். ஆனால் "அங்கே லாரி அதிகம்" என்று சொல்லி வீட்டை வேண்டாம் என்றவரை நாம் பார்த்ததில்லை. 2025 ஜூனில் பெரம்பூரில் தாயின் ஸ்கூட்டரில் பள்ளிக்குச் சென்ற 10 வயதுச் சிறுமி தண்ணீர் லாரி ஏறி இறந்துபோனார். மாதவரத்திலிருந்து பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி வழியாகத் தெற்கே சிப்காட் வரை போகும் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி நடக்கும் சாலைகளில் நெரிசலும் திருப்பிவிடப்பட்ட போக்குவரத்தும் இன்னும் சில காலம் இருக்கும். மெட்ரோ வந்தால் வசதிதான். அதுவரை நம் பிள்ளை எந்தச் சாலையை எந்த இடத்தில் கடக்கப் போகிறது என்பதைப் பள்ளி நேரத்தில் ஒருமுறை நாமே நடந்து பார்த்துவிட வேண்டும். துறைமுகத்தை ஒட்டிய தண்டையார்பேட்டை, எண்ணூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு கன்டெய்னர் லாரிகள் என்ற கூடுதல் ஆபத்து உண்டு. எண்ணூரில் 2023 டிசம்பர் கடைசியில் ஓர் உரத் தொழிற்சாலையின் குழாயிலிருந்து நள்ளிரவில் அம்மோனியா கசிந்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மணலி–எண்ணூர் வட்டாரத்தில் வீடு பார்ப்பவர்கள் காற்றையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும். கொடுங்கையூரை ஒட்டிய பகுதிகளில் குப்பைமேட்டுப் புகை எந்த மாதத்தில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அங்குள்ளவர்களுக்கு அத்துப்படி.

அடுத்தது தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தென்சென்னை மூழ்கியதுதான் நினைவில் நிற்கிறது. ஆனால் ஓட்டேரி நல்லா கால்வாயும் பக்கிங்ஹாம் கால்வாயும் போகும் புளியந்தோப்பு, பட்டாளம் பகுதிகள் 2021 நவம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் மழைநீரில் தத்தளித்தன. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைக்குத் தண்ணீர் நிற்பது ஆண்டுதோறும் வரும் செய்தி. சுரங்கப்பாதை மூடினால் மருத்துவமனைக்கு எந்த வழியாகப் போவது என்பதும் பாதுகாப்புக் கேள்விதான்.

"இங்கே தண்ணி வருமா?" என்று கேட்டால் "இல்லவே இல்லை" என்பார்கள். கேட்பதைவிடப் பார்ப்பது நல்லது. தரைத்தள வீடுகளில் பீரோவும் கட்டிலும் செங்கல் மேல் ஏற்றி வைக்கப்பட்டிருக்கின்றனவா? வாசற்படியில் அரையடி சிமெண்டுத் தடுப்பு புதிதாகக் கட்டியிருக்கிறார்களா? மளிகைக் கடைக்காரர் அரிசி மூட்டையை எந்த உயரத்தில் அடுக்கியிருக்கிறார்? வீட்டின் தரை சாலையைவிடத் தாழ்ந்திருக்கிறதா? பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் மேல்மேலே போட்டதில் சென்னையில் எத்தனையோ வீடுகள் பள்ளத்துக்குள் போய்விட்டன. மின்சார மீட்டர் பலகை எந்த உயரத்தில் உள்ளது என்பதை அவசியம் பாருங்கள். அடுக்குமாடியானால் மோட்டார், ஜெனரேட்டர், மின்பெட்டி எல்லாம் அடித்தளத்தில் இருக்கின்றனவா என்று இறங்கிப் பாருங்கள். அங்கே தண்ணீர் புகுந்தால் பத்தாவது மாடியில் இருப்பவருக்கும் குடிநீரும் மின்தூக்கியும் நின்றுவிடும். தெருவில் மின்கம்பியும் இணைப்புப் பெட்டியும் இருக்கும் நிலையையும் கவனியுங்கள். 2025 ஆகஸ்டில் கண்ணகி நகரில் மழைநீரில் கால் வைத்த தூய்மைப் பணியாளர் ஒருவர் மின்சாரம் தாக்கி இறந்தது சாதாரணத் தெருவில்தான்.

கட்டடமும் சும்மா விட்டுவிடக் கூடியதல்ல. 2014 ஜூன் 28 அன்று போரூர் அருகே மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். 2021-இல் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் ஏழைகளுக்காக அரசு கட்டிய புத்தம்புதிய குடியிருப்பில், தொட்டாலே சுவர்ப்பூச்சு உதிர்ந்த காட்சியைத் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்தோம். புதிது என்பதால் உறுதி என்று எண்ண வேண்டாம். விலைக்கு வாங்குபவர்கள் பட்டா, வில்லங்கச் சான்றிதழோடு நின்றுவிடாமல், சி.எம்.டி.ஏ. திட்ட அனுமதியையும் கட்டட நிறைவுச் சான்றிதழையும் கேட்டு வாங்க வேண்டும். அனுமதி வரைபடத்தில் நான்கு மாடி, நேரில் ஐந்து மாடி என்றால் அந்த ஐந்தாவது மாடி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். புதிய திட்டமானால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் பார்த்துவிடலாம்.

மாற்றம் யார் பக்கம்?

ஆலை நிலத்தில் அடுக்குமாடி வருகிறது, மெட்ரோ வருகிறது, வாடகை ஏறுகிறது. இதையெல்லாம் முன்னேற்றம் என்று விளம்பரம் சொல்கிறது. அதே நேரத்தில் கால்வாய்க் கரைகளில் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் பல கிலோமீட்டர் தள்ளி கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டிருக்கின்றன. ஆகவே அங்கே குடிபோகும்போது நாமும் அந்த மாற்றத்தின் ஒரு பகுதி. பழைய குடியிருப்புக்காரர்களுடன் சலாமோ வணக்கமோ சொல்லிப் பழகாமல், கேட்டைச் சாத்திக்கொண்டு இருக்கும் புதுக் குடும்பத்துக்கு ஓர் ஆபத்து என்றால் ஓடிவர யாரும் இருக்க மாட்டார்கள். நம் குடும்பத்தைக் குறிவைத்து மதத்தின் பேரால் ஏதாவது வருமோ என்ற சொல்லாத பயமும் பலருக்கு உண்டு. அதற்கும் இதுவே பொருந்தும். பத்து வருடமாகப் பக்கத்துக் கடையில் கடன் சொல்லிச் சாமான் வாங்கும் வீட்டுக்காரரை வெளியிலிருந்து வந்த ஒருவன் மிரட்டுவது எளிதல்ல. நம்மவர்கள் மட்டுமே இருக்கும் தெருதான் பத்திரம் என்று தேடிப் போய், காற்றும் வெளிச்சமும் வராத இருட்டு அறைக்கு இரண்டு மடங்கு வாடகை கொடுப்பவர்களையும் பார்க்கிறோம். பள்ளிவாசல் நடந்து போகும் தூரத்தில் இருப்பது தேவைதான். தெரு முழுக்க நம்மவர்களாக இருப்பது அவ்வளவு தேவையா என்று யோசிக்கலாம்.

மாறிவரும் பகுதியில் எடுத்த எடுப்பில் வீடு வாங்குவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். முதலில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பதே நல்லது. அந்த ஓராண்டுக்குள் ஒரு வடகிழக்குப் பருவமழை, அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கட்டாயம் வர வேண்டும். பள்ளிக்கூடக் கணக்குப்படி மே, ஜூனில் குடிபோனால் வழக்கமான 11 மாத ஒப்பந்தத்துக்குள் மழைக்காலம் வந்துவிடும். ஜனவரியில் போகிறவர்கள் நவம்பர் முடிவில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரத்தில்தான் மழையின் முழு முகத்தைப் பார்ப்பார்கள். அவசரப்பட்டு முன்பணத்தை உயர்த்திக் கொடுத்துவிட வேண்டாம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். ஒரு மாத முன்னறிவிப்பில் காலி செய்யலாம் என்பதும், காலி செய்யும் நாளிலேயே முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். குடிபோன முதல் வாரத்திலேயே அந்தப் பகுதிக் காவல் நிலையத்தின் எண்ணையும், அவசர உதவிக்கான 112-ஐயும், பெண்களுக்கான 181-ஐயும், குழந்தைகளுக்கான 1098-ஐயும் சமையலறைச் சுவரில் பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.